கொடுத்த வாக்கு

குர்பார்தா
3 செப்டம்பர் 2000

என் கண்ணான மகள் விட்டோரேவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, உன் அண்ணன்கள் கோல், லெக், அண்ணி லீஸா, கோவேறு கழுதை எல்லோரும் சுகம். கழுதைக்கு மட்டும் பின்னங்காலில் கொஞ்சம் நோவு. நீ திரானாவில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். போன கடிதத்தில் சாப்பாட்டைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. பின்பக்கத்தில் எழுதியிருப்பாயோ என்று உன் அம்மா காகிதத்தை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தாள்.

வேன் ஓட்டும் தோமா கையில் இதோடு ஒரு பை கொடுத்திருக்கிறேன். ஆட்டுப் பாலாடைக்கட்டி இருக்கிறது, வால்நட் இருக்கிறது. தோமா வழியில் வால்நட்டில் கை வைப்பான், கணக்காக இரண்டு பிடி அதிகம் போட்டிருக்கிறேன்.

இப்போது செய்தி. அக்டோபர் முதல் தேதி ஊர்த் தலைவர் தேர்தல். நான் நிற்கிறேன். சிரிக்காதே. பாதிப் பாலத்தை ஆறு அடித்துக்கொண்டு போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. என் மூலிகை மூட்டை எல்லாம் கழுதை முதுகில் ஆற்றைக் கடந்து அந்தக் கரையில் லாரி ஏறுகிறது. மார்ச்சில் லீஸாவுக்கு வலி எடுத்தபோது வீட்டுக் கதவைக் கழற்றி, அவளை அதில் படுக்கவைத்து இடுப்பளவு தண்ணீரில் தூக்கிப் போனோம். குழந்தை தங்கவில்லை. அது உனக்குத் தெரியும். பாலம் வந்தால் ஊருக்கும் நல்லது, என் லாரிக்கும் நல்லது. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? யார் கேட்டாலும் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

எதிரே நிற்பவர் பாஷ்க் வாத்தியார். தங்கமான மனிதர். பாலத்துக்காக நாலு மனு எழுதியிருக்கிறார். மனு மேல் லாரி போகாது.

ஊரில் ஓட்டு நானூற்றுச் சொச்சம், இழுபறியாகத்தான் இருக்கும். ஆனால் நம் வீட்டு ஆறு ஓட்டு என் சட்டைப்பையில் இருக்கிறது. உன் பெயரும் இன்னும் இந்த ஊர்ப் பட்டியலில்தான். எப்போதும்போல ஆறு தாளையும் வாங்கி நானே போட்டுவிடுகிறேன். நீ அலைய வேண்டாம்.

ஒரு மனத்தாங்கல். உன் ஆபீஸிலிருந்து வாக்காளர் கையேடு என்று ஒரு கட்டு வந்தது. ஒன்பதாம் பக்கத்தில் வெள்ளைக் கம்பளித் தொப்பி போட்ட ஒரு ஆள் ஆறு ஓட்டுத் தாளோடு நிற்கிறான், அவன் மேல் சிவப்பில் பெருக்கல் குறி. அந்த மீசை யாருடையது என்று என் கடையிலேயே உட்கார்ந்து நாலு பேர் வாதாடுகிறார்கள். இடது பக்கம் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது. அது ஓவியருக்கு எப்படித் தெரிந்தது மகளே?

உன் அன்பு அப்பா,
மராஷ்


திரானா
9 செப்டம்பர் 2000

என் அருமை அப்பாவுக்கு,

விட்டோரே எழுதுகிறேன். பை வந்தது. தோமா மூன்று பிடி எடுத்திருக்கிறார். சாப்பிடுகிறேன் அப்பா, நேற்று பீன்ஸ் சூப், இன்று காலை உங்கள் பாலாடைக்கட்டியும் ரொட்டியும். அம்மாவிடம் சொல்லுங்கள், முன்பக்கத்திலேயே எழுதிவிட்டேன்.

மீசைக்கு மன்னிப்புக் கேட்கிறேன். வீட்டுத் தலைவர் என்றால் எப்படி இருப்பார் என்று ஓவியர் கேட்டார். எனக்குத் தெரிந்த வீட்டுத் தலைவர் ஒருவர்தானே?

நீங்கள் நிற்பது எனக்கு எவ்வளவு பெருமை என்று எழுதத் தெரியவில்லை. ஆபீஸ் முழுக்கச் சொல்லிவிட்டேன். என் மேலதிகாரி ஆன்னெகேவுக்கு உங்களை நன்றாக நினைவிருக்கிறது. போன கோடையில் நம் வீட்டுக்கு வந்தாளே, அந்த ஹாலந்துக்காரி. உன் அப்பா எல்லோருக்கும் கறி பரிமாறிவிட்டு வெறும் தட்டோடு உட்கார்ந்திருந்தாரே, அவருக்குப் பசிக்காதா என்று இன்னும் கேட்கிறாள். பந்தியில் தனக்கு முதலில் எடுத்து வைத்துக்கொண்டால் அந்த வீட்டுக்காரருக்கு அதைவிட இழுக்கு இல்லை என்று விளக்கினேன். நோட்டில் எழுதிக்கொண்டாள்.

இனி எழுதப்போவதைக் கோபப்படாமல் படியுங்கள். அந்த ஆறு தாளை வாங்காதீர்கள் அப்பா.

நாலு மாதமாக மலை ஊர்களில் ஆன்னெகே பேசுவதை நம் மொழியில் சொல்லிக்கொண்டு வருகிறேன். ஆளுக்கு ஒரு தாள், தனித்தனியாகத் திரைக்குள் போங்கள், எந்தப் பெயருக்குப் போட்டீர்கள் என்று கணவனுக்கும் சொல்ல வேண்டியதில்லை என்று. கூட்டம் முடிந்ததும் பெண்கள் என்னைச் சுற்றிக்கொண்டு மெதுவாகக் கேட்பது ஒரே கேள்வி. "உங்க வீட்ல எப்படிம்மா?" எங்கள் வீட்டில் அம்மா தானே போடுவாள் என்கிறேன். பொய் சொல்கிறேன் அப்பா. நாலு மாதமாக ஒவ்வொரு ஊரிலும் அதே பொய்.

அன்றைக்கு எனக்குத் தெற்கே வேலை, பார்வையாளர்களுக்கு மொழிபெயர்க்க வேண்டும். வர முடியாது. அதனால் என் ஓட்டு விழாது. அது கிடக்கட்டும். மற்ற ஐந்து பேரும் அவரவர் கையால் போட விடுகிறேன் என்று எனக்கு வாக்குக் கொடுங்கள். நீங்கள் கொடுத்து மீறிய வாக்கு ஒன்றும் இல்லை என்பதால் கேட்கிறேன்.

அம்மாவின் இரண்டு கைகளுக்கும் முத்தம்.

உங்கள் செல்ல மகள்,
விட்டோரே


குர்பார்தா
15 செப்டம்பர் 2000

என் அன்பு மகளே,

உன் கடிதத்தைக் கடையில் ஒரு தடவை, வீட்டில் ஒரு தடவை படித்தேன். கடையில் கோபம் வந்தது. வீட்டில் வேறு மாதிரி இருந்தது.

முதலில் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். பழைய ஆட்சியில் தாளில் ஒரே ஒரு பெயர். ஊரே விடியற்காலையில் போய்ப் போட்டுவிட்டு வர வேண்டும், காலை எட்டு மணிக்கெல்லாம் நூற்றுக்கு நூறு என்று ரேடியோ சொல்லிவிடும். எட்டே காலுக்கு வந்தவனை எழுதி வைத்துக்கொண்டார்கள். பிறகு இரண்டு பெயர் வந்தது. இரண்டு பெயர் என்றால் சண்டை. அந்தச் சண்டை என் வீட்டுக்குள் வர வேண்டாம் என்றுதான் எல்லாத் தாளையும் நானே வாங்கினேன். மழையில் உன் அம்மா வரிசையில் நிற்க வேண்டாம் என்பதும் ஒரு காரணம். பிடுங்கிக்கொண்டேன் என்று நீ நினைக்கிறாய். சுமந்தேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் ஆபீஸ் ஆட்கள் இரண்டு பேர் செவ்வாய்க்கிழமை வந்து பள்ளிக்கூடத்தில் ஒத்திகைத் தேர்தல் நடத்தினார்கள். அரசியல் வேண்டாம் என்று பழங்களை நிறுத்தினார்கள். ஆப்பிள், திராட்சை, பிளம். பிளம்முக்கு நாற்பத்தொன்று, திராட்சைக்கு ஒன்று, ஆப்பிளுக்குச் சுழி. ஆப்பிள்தானே உடம்புக்கு நல்லது, எதற்கு எல்லோரும் பிளம் என்று அவர்களில் இருந்த வெளிநாட்டுக்காரர் கேட்டார். கடைசியில் கோல்தான் வாயைத் திறந்தான். "ஆப்பிள்ல சாராயம் காய்ச்சினா தலைவலி வருதுங்க." திராட்சைக்குப் போட்டது பாஷ்க் வாத்தியார் என்று எல்லோருக்கும் தெரியும். இதுதான் உங்கள் ரகசிய வாக்கெடுப்பு.

வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஊறுகாய்க்கு மிளகாய் அரிந்துகொண்டிருந்தாள். "உங்க வீட்ல எப்படிம்மா" என்ற இடத்தில் கத்தி நின்றது. அப்புறம் சொன்னாள்: "தாள்ல ரெண்டு பேர் வந்த நாள்லேர்ந்து உங்க கைதான் எனக்கும் சேர்த்துப் போட்டுது. என் கை எப்படிப் போடும்னு ஒரு தடவை பாத்துடலாமே."

அவ்வளவுதான். மறுபடி மிளகாய் அரிய ஆரம்பித்துவிட்டாள். முப்பத்தொரு வருஷத்தில் அவள் என்னிடம் எதையாவது கேட்டது ஒரு கை விரலுக்குள் அடங்கும்.

இப்போது உன் கையேட்டை விரல் வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறாள். குறி போடும் இடத்தைத் தவிர தாளில் வேறு ஒரு கீறல் விழுந்தாலும் ஓட்டுச் செல்லாது என்று ஒரு வரி போட்டிருக்கிறாயாமே. அது நிஜமா, எவ்வளவு சின்னக் கீறல் என்று லெக்கை மூன்று தடவை கேட்டுவிட்டாள்.

சரி. வாக்குக் கொடுக்கிறேன். ஆளுக்கு ஒரு தாள். வாக்கு மீறியவன் வீட்டில் இந்த மலையில் எவனும் காபி குடிக்க மாட்டான், அதை நீ எனக்கு நினைவுபடுத்த வேண்டாம். அடுத்த ஊரில் பெண்கள் கேட்டால் தலை நிமிர்ந்து பதில் சொல்.

புது மிளகாய் ஊறுகாய் ஒரு சீசா அனுப்புகிறேன். தோமாவுக்குக் காரம் ஆகாது, முழுசாக வந்து சேரும்.

உன் அன்பு அப்பா,
மராஷ்


குர்பார்தா
3 அக்டோபர் 2000

விட்டோரேவுக்கு,

பாஷ்க் 212. நான் 211.

தேர்தல் அதிகாரியாக உட்கார்ந்திருந்தவன் நம் ஊர்க்காரன் ஜோக். பழக்கத்தில் ஆறு தாளை எண்ணி நீட்டினான். "இந்தா மராஷ், உன் வீட்டுது." ஒன்று போதும் என்றேன். எனக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டான். வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். உனக்குக் கொடுத்த வாக்கை இருநூறு பேர் பார்க்கக் காப்பாற்றினேன். அதை மட்டும் தெரிந்துகொள்.

நான் உள்ளே போனேன், வந்தேன். கோல் போனான், லெக் போனான், லீஸா போனாள். ஆளுக்கு ஒரு நிமிஷம். அப்புறம் உன் அம்மா போனாள். பத்து நிமிஷம். "உள்ள ரொட்டி சுடறியா திலே?" என்று அம்மா பெயரைச் சொல்லிப் பின்னால் நின்றவர்கள் கேலி பேச ஆரம்பித்துவிட்டார்கள். வெளியே வரும்போது முகம் சிவந்திருந்தது, இடது கையை இறுக்கி மூடியிருந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

சாயங்காலம் எண்ணினார்கள். ஒன்று. ஒரே ஒன்று.

நீ வந்திருந்தால் சமமாகியிருக்கும். சமமானால் சீட்டுக் குலுக்குவார்கள், சீட்டில் நான் தோற்றதில்லை. ஊர் ஊராகப் போய் ஓட்டுப் போடச் சொல்லிக் கொடுக்கிறாய், சொந்த ஊரில் உன் தாள் வெள்ளையாகக் கிடந்தது. சரி, அதை விட்டுவிடுகிறேன். ஆனால் இரண்டே பெயர் இருக்கிற தாளில் பத்து நிமிஷம் யோசிக்க ஒரு பெண்டாட்டிக்கு என்ன இருக்கிறது? கேட்டேன். புத்தகத்தில் ரகசியம் என்று போட்டிருக்கிறது என்றாள். மறுபடி கேட்டேன். எழுந்து ஆட்டுக் கொட்டிலுக்குப் போய்விட்டாள்.

நீ கற்றுக்கொடுத்த பாடம். நன்றாகப் படித்திருக்கிறாள்.

தோமாவிடம் இந்தத் தடவை ஒன்றும் கொடுக்கவில்லை.

மராஷ்


திரானா
9 அக்டோபர் 2000

என் அப்பாவுக்கு,

நீங்கள் 'அப்பா' என்று கையெழுத்துப் போடவில்லை. முன்பக்கம், பின்பக்கம் இரண்டிலும் தேடிவிட்டேன்.

நீங்கள் தோற்றது எனக்கு எவ்வளவு வலிக்கிறது என்று சொன்னால் நம்புவீர்களா? பாலத்தை நினைத்தேன், லீஸாவைக் கதவில் தூக்கிப் போனதை நினைத்தேன். என் ஒரு ஓட்டை நினைத்து இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அன்றைக்குத் தெற்கே ஒரு ஊரில் திரைக்குப் பக்கத்தில் நின்று வெளிநாட்டுக்காரர்களுக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். அறுபது வயது அம்மாள் ஒருத்தி முதல் தடவையாகத் தானே போட்டுவிட்டு வெளியே வந்து, ஏதோ திருடிவிட்டவள்போல முக்காட்டு நுனியால் கையைத் துடைத்துக்கொண்டாள். அதே நேரத்தில் நம் ஊரில் அம்மாவும் வரிசையில் நிற்பாள் என்று நினைத்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் அப்பா. அந்தச் சந்தோஷத்துக்கு இப்போது வெட்கப்பட வேண்டுமா என்று தெரியவில்லை.

அம்மா அடுப்பங்கரையில் தனியாகச் சாப்பிடுகிறாள் என்று தோமா சொன்னார். நீங்கள் கடையில் படுத்துக்கொள்கிறீர்களாம்.

அம்மா யாருக்குப் போட்டாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், உங்களைப்போலவே பச்சையாக. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் உங்களுக்குப் போடவில்லை. அவர்களில் பாதிப் பேர் உங்கள் கடையில்தான் உப்பும் ஆணியும் வாங்குகிறார்கள். அவர்கள் எல்லோரிடமும் சிரித்துப் பேசுகிறீர்கள். அம்மா ஒருத்தி மேல் மட்டும் ஏன் இந்தக் கோபம்? அவள்தான் போடவில்லை என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி பத்து நிமிஷம். கால் மணி நேரம் தாமதமாக வந்தவனை எழுதி வைத்துக்கொண்ட ஆட்களைப் பற்றிப் போன மாதம்தான் எனக்கு எழுதினீர்கள்.

கோபத்தை என் மேல் இறக்குங்கள். வாக்குக் கேட்டவள் நான். அவளை விட்டுவிடுங்கள்.

நீங்கள் பதில் போடாவிட்டாலும் நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்கு வருவேன். ஆற்றங்கரைக்குக் கழுதையை மட்டுமாவது அனுப்புங்கள்.

உங்கள் மகள்,
விட்டோரே


குர்பார்தா
18 அக்டோபர் 2000

என் கண்ணான மகள் விட்டோரேவுக்கு,

அப்பா எழுதுவது. அப்பா என்று முதலிலேயே போட்டுவிட்டேன், தேட வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை பாஷ்க் வாத்தியார் வீட்டுக்கு வந்தார். ஜெயித்தவன் தோற்றவன் வீட்டில் வந்து ஒரு வாய் குடிக்க வேண்டும் அல்லவா, அதற்காக. அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. வாத்தியாருக்கு நம் வீட்டு நிலவரம் ஒன்றும் தெரியாது. பேச்சுக்குப் பேச்சாக, "அன்னிக்கு உங்களுக்கு அடுத்து என் சம்சாரம் உள்ள போனா. பேனா ஒண்ணும் எழுதலைன்னு உள்ளேர்ந்தே கத்தி வேற பேனா வாங்கினா. உங்களுக்காவது எழுதிச்சா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

உன் அம்மா தட்டைக் கீழே வைத்தாள். "எனக்கும்தான் எழுதலை. கத்தி வாங்கற துணிச்சல் எனக்கு இல்ல. தாள்ல தீட்டிப் பாத்தா கீறல் விழுந்து செல்லாமப் போயிடும்னு புத்தகத்துல இருக்கு. அதனால உள்ளங்கையில தீட்டினேன். வாயால ஊதினேன், அக்குள்ல வெச்சுச் சூடு பண்ணேன், மறுபடி தீட்டினேன். கை பூரா நீலம். என் வீட்டுக்காரர் பேருக்கு நேரா கோடு விழாம நான் எப்படி வெளிய வர்றது?"

வாத்தியார் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மூடியிருந்த அந்தக் கை எனக்கு இப்போதுதான் திறந்தது. முதல் நாளே இதை என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று நீ நினைப்பாய். நான் கேட்ட விதத்துக்குக் கழுதைகூடப் பதில் சொல்லாது.

இனி எழுதப்போவதை நீயும் கோபப்படாமல் படி.

அம்மா மேல் மட்டும் ஏன் கோபம் என்று கேட்டாய். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். அதுதான் பதில்.

திரைக்குள் போய்த் தாளைப் பிரித்தேன். மேலே பாஷ்க், கீழே மராஷ். பேனா எனக்கு வழுவழுவென்று எழுதியது. ஆனால் கை என் பெயரிடம் போக மறுத்தது. சட்டியைத் திறந்து, விருந்தாளி எதிரே உட்கார்ந்திருக்க, நல்ல துண்டாகப் பார்த்து என் தட்டில் நானே எடுத்து வைத்துக்கொள்வது மாதிரி இருந்தது. யாரும் பார்க்கவில்லை என்பதுதான் இன்னும் மோசம். யாரும் பார்க்காதபோது எடுத்துத் தின்பவனுக்கு நம் ஊரில் என்ன பெயர்? என் பெயருக்கு என் வீட்டில் நாலு பேர் இருக்கிறார்கள், ஊரில் பாதிப் பேர் இருக்கிறார்கள், இந்த ஒன்று போனால் என்ன என்று நினைத்தேன். பாஷ்க் பெயருக்கு நேரே கோடு போட்டுவிட்டு வந்துவிட்டேன். மனசு லேசாகக்கூட இருந்தது.

சாயங்காலம் அந்த ஒன்றுதான் வந்து எதிரே நின்றது. என் பெயருக்கே போட்டிருந்தால் 212, 211. தலைவர் நான். இது அந்த நிமிஷமே எனக்குத் தெரியும் மகளே. இருபத்தைந்து வருஷம் தராசு பிடித்த கை. உன் மேல் எழுதினேன், அவள் மேல் ஏற்றினேன். சரக்கைக் கெடுத்தவன் மூட்டை தைத்தவளைத் திட்டின கதை.

வாத்தியார் போனதும் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ரகசியத்தைச் சொல்ல வேண்டியதில்லை என்றுதான் உன் கையேட்டில் இருக்கிறது, சொல்லக் கூடாது என்று இல்லை. அவள் என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"நாள் பூரா கடையில உங்க சரக்கை நீங்களே புகழ்றீங்க. ஒரு கோடு போட வெட்கமா இருந்துதா?"

"சரக்கு வேற, நான் வேற."

"இந்த லட்சணத்துல என்னைக் கொட்டிலுக்கு விரட்டினீங்க" என்றாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். முக்காட்டுத் துணியை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் கொஞ்சம் அழுகையும் இருந்தது. இரண்டும் எனக்குச் சேர வேண்டியதுதான். ராத்திரிச் சோற்றுக்கு எனக்கு முன்னால் அவளுக்கு எடுத்து வைத்தேன். உப்புப் போதவில்லை என்றாள்.

பாலம் விஷயம். மறுநாள் நானே வாத்தியார் வீட்டுக்குப் போனேன். மனுவை அவர் எழுதுவார், கல்லும் மரமும் என் லாரி கொண்டுவரும், மேற்பார்வை கோல். யார் கட்டினாலும் தண்ணீர் அடியில்தான் போகும். அடுத்த தேர்தலில் நிற்பேனா என்று கேட்டார். நிற்பேன், ஆனால் எனக்கு எதிராக நிற்கிறவன் என் வீட்டில் சாப்பிட்டவனாக இருக்கக் கூடாது என்றேன். இந்த ஊரில் அப்படி ஒருவன் இல்லையே என்றார்.

என் கதையை அந்த ஹாலந்துக்காரியிடம் சொல்லலாம். நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். மீசையை மட்டும் மறுபடி வரையச் சொல்லாதே.

கல்லறைத் திருநாளுக்கு ஆற்றங்கரைக்குக் கழுதை வரும். நானும் வருவேன். பையில் மிளகாய் ஊறுகாய் இரண்டு சீசா, வால்நட் ஐந்து பிடி. கீழே அம்மா ஏதோ எழுத வேண்டுமாம், பேனாவைக் கேட்கிறாள்.

என்றும் உன் அன்பு அப்பா,
மராஷ்

விட்டோ கண்ணு, உன் ஆபீஸ்காரர்களிடம் சொல். அடுத்த தடவை புத்தகம் குறைச்சலாகக் கொண்டுவரட்டும், எழுதுகிற பேனாவாக இரண்டு கொண்டுவரட்டும். அம்மா.